நடுவரை அமர்த்துவது யார்?

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒருவர் கடன் போட்டு லாரி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிதி நிறுவனத்தின் கிளையில் கட்டுக் காகிதமாக ஒப்பந்தம் வருகிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை அவர் விசாரித்திருப்பார். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பத்தியை மட்டும் யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான், அதாவது தனி நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்பளிப்பார், இடம் சென்னை, விசாரணை இணையவழியில் நடக்கலாம், அறிவிப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் போதும் என்று அந்தப் பத்தி சொல்லும்.

டீசல் விலை ஏறுகிறது, லோடு கிடைப்பதில்லை, அல்லது ஒரு விபத்து. ஏதோ ஒன்றால் தவணை நிற்கிறது. ஒரு நாள் அவருடைய போனுக்கு ஒரு பிடிஎஃப் வருகிறது. அதில் வழக்கு எண், நடுவரின் பெயர், ஒரு லிங்க், காலை 11 மணி என்று ஒரு நேரம். அவரோ அப்போது ஆந்திராவில் எங்கோ லோடு இறக்கக் காத்துக்கிடக்கிறார். வசூல் ஆட்கள் அனுப்பும் செய்திகளோடு இதுவும் ஒன்று என்று விட்டுவிடுகிறார். விசாரணையில் ஒரு தரப்பு மட்டும் ஆஜராகிறது. சில வாரங்களில் தீர்ப்பு வந்துவிடுகிறது. 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி அதை நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம். அதற்கு முன்பே, அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும்.

வேகத்தை மட்டும் அளந்தால் இது பெரிய சாதனை. இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக்கிடக்கும்போது, ஒரு தகராறு சில வாரங்களில் முடிவதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் மாற்றுத் தகராறு தீர்வில் புதுமை என்று பேசும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல என்றே நினைக்கிறேன். அந்த நடுவரை அந்த வழக்கில் உட்கார வைத்தது யார்? அவருக்கு அடுத்த வழக்கு யாரிடமிருந்து வரும்? கடந்த 25 ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த புதுமைகளில் எது நிலைத்தது, எது கெட்டது என்று பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் நடுவர் தீர்ப்பு முறையைச் சீர்திருத்தியவர்கள் வெகுகாலம் வேறு இரண்டு நோய்களோடு போராடினார்கள். ஒன்று தாமதம், மற்றது நீதிமன்றத் தலையீடு. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடுவரிடம் போனவர்கள் கடைசியில் நீதிமன்றப் படியேறித்தான் வழக்கை முடித்தார்கள். ஐ.நா. மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி 1996இல் புதிய சட்டம் வந்தது. 2015 திருத்தம் 12 மாத காலவரம்பு வைத்தது. இரு தரப்பும் சம்மதித்தால் ஆறே மாதத்தில் முடிக்கும் துரித நடைமுறையையும் கொண்டுவந்தது. 2019இல் அந்தக் காலவரம்பு வாதுரைகள் முடிந்த நாளிலிருந்து என்று மாறியது. 2023இல் சமரசத்துக்கென்று தனிச் சட்டமே வந்து, இணையவழிச் சமரசத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. இவையெல்லாம் தேவையான மாற்றங்கள்தாம். பெரிய கம்பெனிகள் இரண்டு மோதும்போது இவை நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டு பக்கமும் வழக்கறிஞர் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு நடுவரைச் சொன்னால் மற்றவர் இன்னொருவரைச் சொல்வார். ஒரு பக்கம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வழக்குகள் போடும் நிறுவனம், மறுபக்கம் வாழ்நாளில் ஒரே முறை அந்த வாசலுக்கு வரும் மனிதர் என்று ஆகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அந்தக் கணக்கை உலகம் முதலில் தெளிவாகப் பார்த்தது, யாரும் எதிர்பார்க்காத ஒரு மூலையில். இணைய முகவரிகளுக்கான தகராறுகளில்.

1990களின் இறுதியில் புகழ்பெற்ற பெயர்களில் இணைய முகவரிகளைப் பதிவு செய்துவைத்து, பிறகு அந்தப் பெயருக்கு உரியவர்களிடமே விலை பேசும் வியாபாரம் பெருகியது. பதிவு செய்தவர் ஒரு நாட்டில், நிறுவனம் வேறு நாட்டில். எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் இதற்கு ஒரே மாதிரியான தீர்வு முறை ஒன்றை உலகம் முழுவதற்கும் வகுத்தது. எழுத்துமூலம் புகார், எழுத்துமூலம் பதில், நேர் விசாரணை கிடையாது, இழப்பீடு கிடையாது. நடுவர் குழு சொல்லக்கூடியது மூன்றில் ஒன்று: முகவரியை மாற்றிக்கொடு, ரத்து செய், அல்லது அப்படியே இருக்கட்டும். தீர்ப்பை நிறைவேற்ற அமீனா வேண்டாம். பதிவு நிறுவனமே கணினியில் பெயரை மாற்றிவிடும். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். எல்லை கடந்த தகராறுகளுக்கு இதைவிடச் சுருக்கமான, மலிவான ஏற்பாட்டை அதுவரை யாரும் செய்ததில்லை. இன்றும் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வழக்குகளை இதே வழியில் தீர்க்கிறது.

இந்த அழகான அமைப்புக்குள் ஒரு சிறிய விதி இருந்தது. தீர்வு வழங்கும் அமைப்புகள் பல. அவற்றில் எதில் வழக்குப் போடுவது என்பதைப் புகார் கொடுப்பவரே தீர்மானிக்கலாம். கட்டணமும் பெரும்பாலும் அவரே கட்டுகிறார். பார்த்தால் சாதாரண நடைமுறை விஷயம். ஒட்டாவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் கைஸ்ட் 2001இல் அதுவரை வந்த 3,000க்கும் மேற்பட்ட தீர்ப்புகளை எண்ணிப் பார்த்தார். உலக அறிவுசார் சொத்து அமைப்பிலும், அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரத்திலும் புகார்தாரர்கள் நூற்றுக்கு 82 பேர் அளவில் ஜெயித்திருந்தார்கள். மாண்ட்ரியாலில் இருந்த ஈரெசல்யூஷன் என்ற மூன்றாவது அமைப்பில் ஜெயித்தவர்கள் 63 பேர்தான். வழக்குகள் எங்கே போயின என்று பார்த்தால், பத்தில் ஒன்பதுக்கும் மேல் முதல் இரண்டுக்கு. ஈரெசல்யூஷனுக்கு வந்தது நூற்றுக்கு ஏழு.

கைஸ்ட் அங்கே நிற்கவில்லை. தனி நடுவர் தீர்ப்பளித்த வழக்குகளில் புகார்தாரர் வெற்றி 83 சதவீதம். மூவர் குழு தீர்ப்பளித்தவற்றில் 60 சதவீதம். தனி நடுவரை நியமிப்பது முழுக்க முழுக்க அந்த அமைப்பின் கையில். மூவர் குழு என்றால் இரு தரப்புக்கும் தேர்வில் பங்கு உண்டு. மினசோட்டா அமைப்பில் தனி நடுவர் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஆறே பேரிடம் போயிருந்தன. அவற்றில் புகார்தாரர் வெற்றி 94 சதவீதம். அந்த ஆறு பேரும் நேர்மையற்றவர்கள் என்று சொல்ல இந்த எண்கள் போதாது. பதில் தராமலே விட்டவர்கள் அதிகம் இருந்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்று அப்போதே வாதம் எழுந்தது. நானும் அதை ஒதுக்கமாட்டேன். ஆனால் பட்டியலில் பலர் இருக்க ஆறு பேரிடம் வழக்குகள் ஏன் குவிய வேண்டும் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஈரெசல்யூஷன் கடையை மூடிவிட்டது. பிரதிவாதிகளை அதிகம் ஜெயிக்கவிட்ட அமைப்புக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போனார்கள்.

இணைய முகவரித் தகராறில் தோற்றவருக்குப் போவது ஒரு பெயர். அதே மினசோட்டா அமைப்பு இன்னொரு பக்கம் கிரெடிட் கார்டு கடன் வழக்குகளை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே தோற்றவருக்குச் சம்பளம் பிடித்தமாகும். 2006இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் வழக்குகள் அங்கே போனதாக மினசோட்டா அரசு பின்னர் தன் வழக்கில் சொன்னது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு 2007இல் கலிஃபோர்னியா மாநிலத் தரவுகளை ஆராய்ந்தபோது, நடுவர் தீர்ப்பு வரை போன வழக்குகளில் 94 சதவீதம் நிறுவனங்களுக்கே சாதகமாக முடிந்திருந்தன. அங்கே நடுவராக இருந்தவர்களில் ஒருவர் ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலெட். ஒரு வழக்கில் அவர் கார்டு நிறுவனத்துக்கு எதிராக, கடன்காரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் வழக்குகள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டன. இதை அவர் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமாகவே சொன்னார்.

2009 ஜூலையில் மினசோட்டா அட்டர்னி ஜெனரல் லோரி ஸ்வான்சன் வழக்குப் போட்டார். கடன் வசூல் நிறுவனத்திலும் நடுவர் அமைப்பிலும் ஒரே முதலீட்டுக் குழுமத்துக்குப் பங்கு இருக்கிறது, அதை மக்களிடமிருந்து மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். அமைப்பு வழக்கை நடத்தாமல், சில நாட்களுக்குள் உடன்படிக்கைக்கு வந்தது. அந்த மாதமே நுகர்வோர் வழக்குகளைப் புதிதாக எடுப்பதை அடியோடு நிறுத்தியது.

இந்த இரண்டு வரலாறுகளையும் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அந்தப் பாதையின் முதல் திருப்பத்தில் இன்று இந்தியா நிற்கிறது என்பதுதான்.

நம் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. 2015 திருத்தம், ஒரு தரப்போடு வேலை, தொழில், உறவு என்று இன்னின்ன தொடர்பு உள்ளவர் நடுவராக இருக்கக் கூடாது என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் போட்டது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நடுவராக இருக்க முடியாது என்றால், அவர் வேறொருவரை நியமிக்கலாமா? 2017இல் கூடாது என்றது நீதிமன்றம். 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் அதை இன்னும் பொதுவாக்கியது: தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒருவர், தனி நடுவரைத் தானாக நியமிக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்கக் கூடாது. குண்டூரில் எய்ம்ஸ் மருத்துவமனை கட்டும் திட்டத்தின் ஆலோசனை ஒப்பந்தத்தில் எழுந்த தகராறு அது. கடைசியாக 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசுத் துறையும் தனியாரும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே நடுவரை நியமிக்கும் விதி, சமத்துவம் பேசும் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கே விரோதம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் அறிவித்தது. நிதி நிறுவனங்கள் தாங்களே நியமித்த நடுவர்கள் தந்த தீர்ப்புகளைப் பல உயர் நீதிமன்றங்கள் செல்லாது என்று ஒதுக்கியிருக்கின்றன.

இதற்குப் பிறகு நடந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. கடன் ஒப்பந்தங்களில் நடுவரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு இணையத் தளத்தின் பெயர் வந்து உட்கார்ந்தது. நடுவரை நாங்கள் நியமிக்கவில்லை, தளம்தான் தன் பட்டியலிலிருந்து நியமிக்கிறது என்று நிறுவனம் சொல்லலாம். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் தளத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கட்டணம் கட்டுவது யார்? அடுத்த மாதம் இன்னும் சில ஆயிரம் வழக்குகளைக் கட்டாக அனுப்பப்போவது யார்? இந்தத் தளங்களை நடத்துபவர்களில் உண்மையான அக்கறையோடு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. கேள்வி அவர்களுடைய மனசாட்சியைப் பற்றியது அல்ல. ஒரே பக்கத்திலிருந்து வழக்கும் வருமானமும் வரும் அமைப்பில் நல்லவர்களும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு மாண்ட்ரியாலும் மினசோட்டாவும் சாட்சி.

மொழியும் இதில் சேர்கிறது. கடன்தாரருக்குப் போகும் தகவல்கள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்பத் தெரிந்த மென்பொருளுக்கு அதைத் தமிழில் அனுப்புவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலை நடந்திருக்கிறதா என்பதை வைத்தே, அந்தப் புதுமை யாருக்காக வந்தது என்று நான் கணிப்பேன்.

இதே தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு வேறு மாதிரியும் கட்டலாம். அதற்கு முன்னுதாரணம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் தரகரோடு தகராறு வந்த முதலீட்டாளருக்காக செபி 2023 ஜூலை 31 அன்று ஒரு சுற்றறிக்கை மூலம் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற பொதுத் தளத்தை அறிமுகம் செய்தது. முதலில் தரகரிடம் புகார், தீராவிட்டால் தளத்தில் பதிவு, 21 நாட்களில் இணையவழிச் சமரசம், அதுவும் பலிக்காவிட்டால் நடுவர். இங்கேயும் தீர்வு வழங்கும் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் எந்த வழக்கு எந்த நிறுவனத்துக்குப் போகும் என்பதைத் தரகரும் தீர்மானிப்பதில்லை, முதலீட்டாளரும் தீர்மானிப்பதில்லை. பொதுத் தளம் வரிசைச் சுற்றில் ஒதுக்குகிறது. யாரையும் திருப்திப்படுத்தினால் அடுத்த வழக்கு கூடுதலாக வரும் என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. கணினிக்கு இது மிகச் சிறிய வேலை. என் பார்வையில் இந்தியாவில் இணையவழித் தகராறு தீர்வில் வந்த மிகப் பெரிய புதுமை இந்த ஒதுக்கீட்டு விதிதான். செயலிகளும் காணொளி அறைகளும் அதற்கு அடுத்தபடிதான்.

இலங்கை இதே கேள்விக்குக் கணினி இல்லாத காலத்திலேயே வேறொரு விடை கண்டது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம், சிறிய தொகைத் தகராறுகளும் சில சிறு குற்றங்களும் நீதிமன்றம் போவதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும் என்று வைத்தது. சபையின் பட்டியலில் அந்த ஊரில் மதிப்புள்ள ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் போன்றோர் இருப்பார்கள். ஒரு தரப்பு ஒருவரைச் சொல்லும், மறுதரப்பு இன்னொருவரைச் சொல்லும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தேர்வார்கள். இணக்கம் வந்தால் அதற்கொரு பத்திரம். வராவிட்டால் தீரவில்லை என்று சான்றிதழ், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். மத்தியஸ்தர் யார் மீதும் எதையும் திணிக்க முடியாது. பெரிய வணிக நடுவர் மன்றங்களில் கோடிகளுக்குச் சண்டையிடுவோர் அனுபவிக்கும் தேர்வுரிமையை, ஆட்டுக்குட்டி வேலி தாண்டிய தகராறுக்கும் அந்தச் சட்டம் தந்தது.

சென்னையில் நடந்ததும் சொல்லப்பட வேண்டியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு 2002இல் நடைமுறைக்கு வந்தபோது, வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வுக்கு அனுப்பும் அதிகாரம் நீதிபதிகளுக்குக் கிடைத்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். அந்த வழக்கின் தீர்ப்புகள்தான், எதிர்த்தவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நாடு முழுவதும் சமரச விதிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தன. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் தொடங்கியது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு போன்றோர் அதன் பின்னணியில் உழைத்தார்கள்.

அந்த முறையை அருகிலிருந்து பார்த்தவருக்கு அதன் பலம் எங்கே என்று தெரியும். மேடை இல்லை, கூண்டு இல்லை, ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள். சமரசர் முதலில் இருவரையும் வைத்துப் பேசுகிறார், பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக. சொத்துப் பிரிவினை வழக்கில் அண்ணன் தனியறையில் சொல்வது பலமுறை சொத்தைப் பற்றியதாகவே இருக்காது. அப்பா கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது தங்கை வந்து பார்க்கவில்லை என்பதாக இருக்கும். எந்த மனுவிலும் இல்லாத அந்த வாக்கியம் வெளியே வந்தபிறகு கிணறும் வடக்குத் தோட்டமும் ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிடும். அங்கே சொன்னது எதையும் நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. சமரசருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரமே இல்லாததால், அவரை யார் அமர்த்தினார்கள் என்ற பயமும் வலுவிழந்துபோகிறது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். எழுந்து போகும் உரிமைதான் அங்கே பலவீனமானவரின் கவசம்.

அதற்குத் துணையாக இன்னொரு சிறு ஏற்பாடும் உண்டு. 89ஆம் பிரிவின்படி தகராறு தீர்ந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது உண்டா? உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நீதிமன்றத்தின் நிர்வாகமே மேல்முறையீடு செய்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, பேசி முடிப்பவர்களைத் தண்டிக்கக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. பணம் திரும்ப வரும் என்று தெரிந்தால் சமரச மேசைக்கு வரக் கூடுதலாக ஒரு காரணம் கிடைக்கிறது. இதுபோன்ற புதுமைகளுக்கு விழா எடுப்பதில்லை, ஆனால் ஊரில் வேலை செய்பவை இவைதாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வேறு வழியில் போனது. அங்கே இணையவழித் தீர்ப்பாயத்தை அரசே 2016இல் அமைத்தது. முதலில் அடுக்குமாடிக் குடியிருப்புத் தகராறுகள், மறு ஆண்டு சிறு தொகை வழக்குகள். வழக்குப் போடுவதற்கு முன் கேள்வி பதிலாக உங்கள் உரிமை என்ன என்று எளிய மொழியில் விளக்கும் வழிகாட்டி ஒன்று இலவசமாக உண்டு. பேசித் தீராதவற்றுக்குத் தீர்ப்பாய உறுப்பினர் தீர்ப்பளிப்பார். அவரை எந்தத் தரப்பும் தேர்வதில்லை. தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் வெளியாகின்றன. 2024 பிப்ரவரியில் ஒரு பயணி, பாட்டி இறந்த துக்கத்துக்காகப் பயணம் செய்யும்போது கிடைக்கும் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் தவறான தகவல் தந்துவிட்டது என்று அங்கே வழக்குப் போட்டு ஜெயித்தார். சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை. அவருக்குக் கிடைத்தது மொத்தம் சுமார் 812 கனடிய டாலர். அந்தச் சிறு தீர்ப்பை உலகமெங்கும் சட்டத் துறையினர் படித்தார்கள். ரகசியமாக நடக்கும் நடுவர் விசாரணையில் இதே முடிவு வந்திருந்தால், அடுத்த பயணிக்கு அது தெரிய வழியே இருந்திருக்காது.

புதுமை எப்போதும் பலசாலியின் கையில்தான் இருக்கும் என்றும் இல்லை. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களில், ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் கூட்டாக வழக்குப் போடக் கூடாது, ஒவ்வொருவரும் தனித்தனியே நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதி வைத்தன. தனியாள் யாரும் சில நூறு டாலருக்காகப் போகமாட்டார் என்பது கணக்கு. வழக்கறிஞர்கள் சிலர் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உணவு கொண்டுசேர்க்கும் டோர்டேஷ் நிறுவனத்துக்கு எதிராக 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நேரத்தில் தனித்தனி மனுக்கள் போட்டார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். மொத்தம் 90 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. நிறுவனம் இடையிலேயே வேறொரு நடுவர் அமைப்புக்கு மாறப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி வில்லியம் ஆல்சப், நீங்கள் எழுதிய ஒப்பந்தப்படி நீங்களே நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் உத்தரவிட்டார். அமேசானுக்கு எதிராக 75,000 மனுக்கள் குவிந்த பிறகு, 2021இல் அது தன் வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலிருந்து நடுவர் விதியையே எடுத்துவிட்டது. இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இதை நம் லாரிக்காரருக்கு வழியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கட்டணச் சுமையை நிறுவனத்தின் தலையில் வைத்த விதிகள் இருந்ததால்தான் இது பலித்தது.

அரசு தளம் அமைத்துவிட்டால் போதும் என்பதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் நுகர்வோருக்காக 2016இல் திறந்த இணையவழித் தளத்தைப் போதிய பயன்பாடு இல்லை என்று 2025 ஜூலை 20 அன்று மூடிவிட்டது. கோடிக்கணக்கான செலவில் கட்டிய வாசலுக்கு வணிகர்கள் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. நுகர்வோர் மட்டும் வந்து காத்திருந்து திரும்பிப் போனார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அமெரிக்க ஆர்பிட்ரேஷன் சங்கம் 2025 நவம்பரில், ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்க்கும் கட்டுமானத் தகராறுகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நடுவரை அறிமுகம் செய்தது. இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். தீர்ப்பை ஒரு மனித நடுவர் பார்த்து இறுதி செய்வார். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில், இப்படித் தீர்ப்புக்கு உதவும் கருவிகளை நீதிமன்றத்திலும் மாற்றுத் தீர்வு அமைப்பிலும் உயர் ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டு கட்டுமானக் கம்பெனிகள் சம்மதித்து இயந்திரத்திடம் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பொடி எழுத்துப் பத்தியில் நடுவரின் பெயருக்குப் பதில் தளத்தின் பெயர் வந்தது போல, நாளை தளத்தின் பெயருக்குப் பதில் ஒரு மென்பொருளின் பெயர் வரலாம். எந்த மாதிரியான பழைய தீர்ப்புகளைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள் என்பது அப்போது மிக முக்கியமாகிவிடும். பழைய தீர்ப்புகளில் 94 சதவீதம் ஒரு பக்கம் என்றால், அதில் பழகிய இயந்திரம் எந்தப் பக்கம் சாயும்?

இங்கேதான் கலிஃபோர்னியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பப்ளிக் சிட்டிசனுக்கு அந்த 94 சதவீதம் கிடைத்ததே, நுகர்வோர் வழக்குகளை நடத்தும் தனியார் நடுவர் அமைப்புகள் தங்கள் வழக்கு விவரங்களைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான். கைஸ்டுக்கு எண்ண முடிந்ததும் இணைய முகவரித் தீர்ப்புகள் எல்லாம் வெளியானதால்தான். நம் சட்டத்திலோ 2019இல் 42-ஏ என்ற பிரிவு சேர்ந்து, நடுவர் விசாரணைகளுக்கு ரகசியக் காப்பு வந்தது. இரு பெரு நிறுவனங்களின் வியாபார ரகசியத்துக்கு அது பொருத்தம். இருசக்கர வண்டிக் கடனில் காக்க வேண்டிய வியாபார ரகசியம் எதுவும் இல்லை.

கடன்தாரரின் பெயரும் முகவரியும் வெளிவரத் தேவையில்லை. தளம் ஒவ்வொன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அட்டவணை வெளியிட்டால் போதும்: வழக்குப் போட்ட நிறுவனம், நடுவரின் பெயர், அந்த நிறுவனத்தின் வழக்குகளில் அதே நடுவர் அதற்கு முன் எத்தனை முறை அமர்ந்தார், அறிவிப்பு எந்த மொழியில் போனது, கடன்தாரர் ஆஜரானாரா, கேட்ட தொகை எவ்வளவு, தீர்ப்பான தொகை எவ்வளவு, கட்டணத்தை யார் கட்டினார்கள். இந்த எட்டு விவரங்களும் அந்தத் தளங்களின் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியிடச் சொல்லி ஒரு விதி செய்ய ரிசர்வ் வங்கி தன் நிதி நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்; அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.